மலை சைக்கிள் தேர்வுக் குழு

குடிநீர் வாரியம் ஒரு மின்சார மலை சைக்கிள் வாங்கப் போகிறது என்ற செய்தி பரவியதும் ஊர் குதூகலப்பட்டது. வாரியம் வாங்குகிற எந்தப் பொருளும் ஊருக்குப் பயன்பட்டதில்லை. ஆனால் அது வாங்குகிற விதம் பார்க்க நன்றாக இருக்கும்.

சைக்கிள் வால்வுக்காரருக்காக. தினமும் காலையில் மலை உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிப் போய், மருந்து சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்த்து, பெரிய வால்வைத் திறந்துவிட்டு, சாயங்காலம் அடைத்துவிட்டு இறங்கி வருகிறவர். ஊரில் யார் வீட்டுக் குழாயாவது கொர்ரென்று இருமினால் அவர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை கடைவீதி, நெரிசல், தார் ரோடு. அதற்கு மேலே வேரும் கல்லும் சரளையுமாகக் காட்டுப் பாதை. வெயில் காலத்தில் நடந்துவிடலாம். மழை வந்தால் ஏறியதில் பாதியைப் பாதையே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

போன மழைக்காலத்தின் கடைசியில் அவர் அப்படிச் சறுக்கிச் சறுக்கித் தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஒரு நாள், வாரியத் தலைவர் குளித்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சோப்பு. ஷவர் நின்றுவிட்டது. ஊரில் நூறு வீட்டில் நின்றபோது அது தண்ணீர்த் தட்டுப்பாடு. தலைவர் வீட்டில் நின்றபோது நிர்வாகச் சீர்கேடு. கண் எரிச்சல் தீர்வதற்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மழைக்குள் தக்க வாகனம் ஏற்பாடாக வேண்டும். ஆகாவிட்டால் வால்வுக்காரர் மலைமேல் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள ஒற்றை அறையில் குடியேற வேண்டும். மழைக்காலம் முடியும்வரை கீழே இறங்கக் கூடாது.

வால்வுக்காரரின் மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"மழை விட்டு நீங்க கீழ வரும்போது அவ ஓடிட்டிருப்பா. யாரும்மா இந்த மாமான்னு என்னைக் கேப்பா," என்றாள் மனைவி. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். சில்லறை போல வார்த்தையையும் சுண்டிப் போடுவாள்.

"கேட்டா என்ன, பேச்சு வந்துடுச்சேன்னு சந்தோஷப்படுவேன்."

"வாயில நல்லா வருது எனக்கு. எழுந்து வாங்க, சைக்கிளைப் பார்த்துட்டு வரலாம். எது வேணும்னு நாமளே சொல்லிட்டா அவங்களுக்கு வேலை மிச்சம்."

அவள் வாரியத்தில் வேலை பார்த்ததில்லை. அதனால் அப்படிச் சொன்னாள்.

சைக்கிள் கடைக்காரர் வியாபாரிக்குரிய லட்சணம் குறைந்த மனிதர். விலை அதிகமான சைக்கிள் ஒன்று கண்ணாடிக்குள் மின்னிக்கொண்டிருந்தது. வால்வுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது பின்னாடியும் ஷாக் வெச்சது சார். பாறையிலேர்ந்து குதிக்கிறவங்களுக்கு. நீங்க குதிப்பீங்களா?"

"இவரு கட்டில்லேர்ந்து இறங்கவே யோசிப்பாரு," என்றாள் மனைவி.

"அப்போ அதுக்குக் காசு கொட்டாதீங்க. காடும் போகணும், கடைவீதியும் போகணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அதானே? இந்தப் பச்சையைப் பாருங்க. முன்னாடி மட்டும் ஷாக். பின்சக்கரத்துலயே மோட்டார். டிஸ்க் பிரேக், மழையிலயும் பிடிக்கும். டயர் ரொம்ப முள்ளு முள்ளா இருந்தா தார் ரோட்டுல இழுக்கும், இது அளவா இருக்கு. பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போய் சார்ஜ் போட்டுக்கலாம். ஓட்டிப் பாருங்க."

கடைக்குப் பின்னால் ஒரு மேட்டுத் தெரு இருந்தது. வால்வுக்காரர் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது முகம் பல்பு போட்டதுபோல் இருந்தது.

"ஏத்தத்துல யாரோ பின்னாடி கை கொடுத்துத் தள்ளுற மாதிரி இருக்கு."

"வேலைக்குப் போக உங்களை யாராவது தள்ளித்தான் ஆகணும். இதையே சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தேர்வு முடிந்தது. இனி வாரியம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் வாரியத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே எந்தப் பொருளை வாங்கினாலும் அதைத் தலைவர்தான் முதலில் உபயோகிக்க வேண்டும். புது நாற்காலி வந்தால் தலைவர் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் குமாஸ்தா உட்காரலாம். எல்லா நாற்காலியிலும் அவரே முதலில் உட்கார்ந்திருக்கிறார். புது ஏணி வந்தால் ஒரு படி ஏறி இறங்குவார். கிணற்றில் மூழ்குபவருக்கு ரப்பர் உடுப்பு வாங்கியபோது, அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கோப்பு பார்த்தார். பெண்கள் கழிப்பறை திறந்த அன்று என்ன நடந்தது என்பதைப் பற்றி மட்டும் வாரியத்தில் யாரும் பேசுவதில்லை.

தேர்வுக் குழுவின் முதல் கூட்டம் கூட்ட அரங்கில் நடந்தது. தலைவர், கணக்கு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி. பயனாளி என்ற முறையில் வால்வுக்காரருக்குக் கதவோரம் நிற்க அனுமதி.

தலைவர் எழுந்து பேசினார். "நமது வாரியம் எந்தக் காரியத்தையும் யோசிக்காமல் செய்ததில்லை. யோசித்த பிறகும் அவசரப்பட்டுச் செய்துவிட்டதில்லை. அந்தப் பெருமையை ஒரு சைக்கிளுக்காக நாம் இழந்துவிட மாட்டோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் பாதுகாப்பு அதிகாரி வால்வுக்காரர் பக்கம் திரும்பினார். எதைப் பார்த்தாலும் அது தன்மேல் விழப்போவதுபோல் பார்க்கிறவர்.

"மலை சைக்கிள் கேக்கிறீங்க. அது மலைதானா?"

"எல்லாரும் மலைன்னுதான் சார் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? நம்ம கோப்புல அது 'உயரமான இடம்'. உயரமான இடத்துக்கு மலை சைக்கிள் வாங்கிட்டு நாளைக்கு அது மலை இல்லைன்னு ஆச்சுன்னா, சைக்கிளை என்ன பண்றது?"

நில அளவைக்காரர்கள் போனார்கள், வந்தார்கள். அந்த இடம் மலைக்கு நிகரான உயரமான இடம் என்று முடிவானது. அதற்குள் மாமரங்கள் பூத்து முடித்திருந்தன.

அடுத்தது விலை. "கோப்புல கட்டுப்படியாகிற விலைன்னு போட்டிருக்கு," என்றார் கணக்கு அதிகாரி. "யாருக்குக் கட்டுப்படியாகணும்னு போடலை. விலை குறைவா இருக்கணும், சரி. ஆனா ரொம்பக் குறைஞ்சா ஏன் குறைஞ்சதுன்னு தணிக்கையில கேப்பாங்க. அதனால கொஞ்சம் கூடுதலான குறைந்த விலையா இருக்கணும்."

வால்வுக்காரர் கேட்டிருந்த பச்சை சைக்கிளின் விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தது. கடைக்காரரை அழைத்துக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் பிறந்ததிலிருந்து யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பாதுகாப்பு அதிகாரி மறுபடி எழுந்தார். "இதுல மோட்டார் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ வண்டி. பெடல் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ சைக்கிள். ரெண்டும் இருந்தா?"

"மிதிச்சா மோட்டார் உதவி பண்ணும் சார். ரெண்டும் சேர்ந்துதான் போகும்."

"சேர்ந்து போகுமா! அப்போ ஓட்டுறது யாரு, நீங்களா, அதுவா? விழுந்தா நான் யார்மேல நடவடிக்கை எடுக்கிறது?"

வால்வுக்காரர் நேர்மையான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விழுந்தா ரெண்டு பேரும்தான் சார் விழுவோம்," என்றார். இருவர்மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்று குறிக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று சைக்கிள்களை அரங்குக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காட்டுப் பாதையில் எப்படிப் போகும் என்று பார்ப்பதற்காக, மாடி வராந்தாவிலிருந்த பூந்தொட்டிகளை எல்லாம் தூக்கிவந்து சைக்கிள்களைச் சுற்றி அடுக்கினார்கள். மழைக்கு ஒரு வாளித் தண்ணீர். புயலுக்கு மேஜை விசிறி. கடைவீதி நெரிசலில் எப்படி என்று பார்க்க, குழுவினர் சைக்கிளை இடித்துக்கொண்டு நின்றார்கள். கணக்கு அதிகாரி லாரியாக நடித்தார். வாயாலேயே ஹாரன் அடித்து, பின்பக்கமாக வந்து, ஒரு பூந்தொட்டியின்மேல் ஏறி நின்றார். இத்தனை வருஷமாக இந்தத் திறமையை எங்கே வைத்திருந்தார் என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

மூன்று சைக்கிள்களும் அசையாமல் நின்றன. நிலைத்தன்மை மிக நன்று என்று குறித்துக்கொண்டார்கள். மணியோசை பிடிக்காததால் ஒன்று போயிற்று. கணக்கு அதிகாரி மோதியதில் இன்னொன்று போயிற்று. மிஞ்சியது பச்சை.

வால்வுக்காரருக்கு உள்ளே பொங்கி வந்தது. "சார், இதை ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டா முடிஞ்சுது சார்."

பாதுகாப்பு அதிகாரி கூரையைப் பார்த்தார். கணக்கு அதிகாரி தன் செருப்பைப் பார்த்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"ஓட்டிப் பார்ப்பது," என்றார் கடைசியில், "ஒரு பொருளைப் பற்றி மிகக் குறுகிய பார்வையைத்தான் தரும். கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

வெளியே தலைவரின் கார் ஓட்டுநர் மரத்தடியில் சாய்ந்து நின்றிருந்தார். வால்வுக்காரர் அவரிடம் புலம்பினார்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? சைக்கிளை ஓட்டாம என்ன, வறுத்தா பார்ப்பாங்க?"

ஓட்டுநர் அக்கம் பக்கம் பார்த்தார். "யாரு முதல்ல ஓட்டணும்?"

"ஐயாதான்."

"ஐயாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

"தெரியாதா!"

"மெதுவாப் பேசுங்க. தெரியாதுங்கிறது யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுதே?"

"எல்லாருக்கும் தெரியும். ஆனா யாருக்கும் தெரியாது. இது இப்படியேதான் போகும். அடுத்த கூட்டத்துல மூணு சக்கரம் வெச்சது இருக்கான்னு கேப்பாரு பாருங்க."

அடுத்த கூட்டத்தில் தலைவர் நாலு சக்கரம் வைத்தது இருக்கிறதா என்று கேட்டார்.

மேகம் திரள ஆரம்பித்தது. வால்வுக்காரர் வீட்டில் பை கட்டினார். அவர் ஒரு சட்டையை உள்ளே வைத்தால் மகள் ஒரு சட்டையை வெளியே இழுத்துப் போட்டாள். இந்த வேலை இருவருக்கும் பிடித்திருந்தது. மனைவிக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அந்த மனுஷனுக்கு என்னதான் தெரியுமாம்?" என்று கேட்டாள்.

"உட்காரத் தெரியும். எங்க ஆபீஸ்ல அவர் உட்காராத நாற்காலி கிடையாது."

"அப்போ அதுல உட்காரச் சொல்லுங்களேன்!" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். முதல் தூறல் விழுந்திருந்தது.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் முன்மொழிந்தார்: "காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது முடிவெடுப்பது ஆரோக்கியமானதல்ல. மழைக்காலம் முடிந்ததும் கூடுவோம்." மற்ற இருவரும் வழிமொழிய வாயைத் திறந்தார்கள். கதவோரத்திலிருந்து வால்வுக்காரர் முந்திக்கொண்டார்.

"சார், மலை மேலேர்ந்து கீழ வர்றதுக்கு மிதிக்கவே வேண்டாம் சார். உட்கார்ந்தா போதும். நாற்காலி மாதிரிதான். அதுபாட்டுக்கு வந்துடும்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உட்கார்ந்தால் போதுமா?"

"போதும் சார். வேணும்கிறப்போ பிரேக்கைப் பிடிச்சா நின்னுடும்."

நாற்காலிகளில் அரை ஆயுளைக் கழித்த அந்த முகத்தில் ஒரு தன்னம்பிக்கை பரவியது. "நாளைக்கே சோதனை ஓட்டம்," என்றார்.

மலையின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போகிற ஒரு சாலை உண்டு. அது வாரியத்தின் கார்களுக்கானது. அதில் ஏற்றிச் செல்ல வால்வுக்காரர் அதிகாரி இல்லை. குழு அந்த வழியாகக் காரில் போனது. சைக்கிளும் காரின் கூரைமேல் போனது. வால்வுக்காரர் காட்டுப் பாதையில் நடந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. சைக்கிளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அழகாக இருக்கட்டும் என்று பாதுகாப்பு அதிகாரி தம் கையாலேயே அதை இரண்டு பிரேக்கிலும் சுற்றி, இறுக்கி, பூ முடிச்சுப் போட்டிருந்தார். தலைவர் உட்கார்ந்து புகைப்படம் எடுத்ததும் ரிப்பனை வெட்டுவது என்று ஏற்பாடு.

தலைவர் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் கைதட்டினார்கள்.

சைக்கிள் கிளம்பிவிட்டது.

"ஐயா, கத்தரிக்கோல்!" என்று கணக்கு அதிகாரி கத்தரிக்கோலை நீட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு கத்தரிக்கோல் மட்டும் தெரிந்தது. அதன் பிறகு அதுவும் இல்லை.

தலைவர் விழவில்லை. பயத்தில் உடம்பு மரக்கட்டைபோல விறைத்துப் போனதால் சைக்கிளால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய முடியவில்லை. வேர் வந்தது, தாண்டியது. கல் வந்தது, முன் ஷாக் அதை விழுங்கியது. அடிவாரத்தில் காய்ந்துகொண்டிருந்த யாருடைய படுக்கை விரிப்போ அவர் தோளில் ஏறிக்கொண்டு பின்னால் பறக்க ஆரம்பித்தது. கடைவீதியும் இறக்கம்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் எதற்கும் இருக்கட்டுமென்று சல்யூட் வைத்தார். சைக்கிள் கடைக்காரர் வாசலில் நின்று டயரைக் கவனித்துவிட்டு, "தார் ரோட்டுலயும் இழுக்கலை பாருங்க," என்று பக்கத்துக் கடையிடம் சொன்னார்.

வாரியத்தின் கதவு திறந்திருந்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்காகக் கட்டிய சரிவு வழியாக சைக்கிள் உள்ளே ஏறியது. வராந்தாவைக் கடந்து, கூட்ட அரங்குக்குள் நுழைந்து, பூந்தொட்டிகளுக்கு நடுவே புகுந்து, கடைசியில் சுவரோரம் தொங்கிய கனத்த நீலத் திரையில் மூக்கைப் பதித்து நின்றது.

வால்வுக்காரர் பாதை நெடுக ஓடிவந்தார். கண்முன் நின்றதெல்லாம் மலைமேலிருக்கும் அந்த ஒற்றை அறைதான். போயிற்று. மழைக்காலம் மட்டுமல்ல, ஆயுசுக்கும் மேலேதான். அவர் அரங்குக்குள் நுழைந்தபோது, காரில் வந்த குழுவும் மூச்சிரைக்க நுழைந்துகொண்டிருந்தது.

தலைவர் இன்னும் சைக்கிளில்தான் உட்கார்ந்திருந்தார். தலையில் சில இலைகள். தோளில் பூப்போட்ட படுக்கை விரிப்பு. கண்கள் எதையும் பார்க்கவில்லை. பிறகு மெல்லத் திரும்பி எல்லோரையும் பார்த்தார். அவர்கள் நிற்பதையும், தான் உட்கார்ந்திருப்பதையும் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"நண்பர்களே! இந்த வாரியத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து இப்படித்தான் பயணம் செய்துகொண்டிருக்கிறேன். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவில்லை. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் பாருங்கள், சரியாகக் கூட்ட அரங்குக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்! இந்த சைக்கிளும் அவ்வாறே செயல்படுகிறது. நமது வாரியத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. வாங்கலாம்."

கைதட்டல் கட்டடத்தை உலுக்கியது. வால்வுக்காரரும் தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஓடிவந்த வியர்வையாகவும் இருக்கலாம்.

உத்தரவு அன்றே வந்தது. வாரியத்தில் எதுவும் இவ்வளவு வேகமாக வந்ததில்லை. சைக்கிள் தலைவரால் இறக்கத்தில் மட்டுமே சோதிக்கப்பட்டிருப்பதால், வால்வுக்காரர் அதை இறக்கத்தில் மட்டுமே உபயோகிக்கலாம். சோதிக்கப்பட்ட வழி மலையுச்சியில் தொடங்கிக் கூட்ட அரங்கின் நீலத் திரையில் முடிவதால், அவரும் தினசரி நீலத் திரை வரை ஓட்டி வந்து இறங்கிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். மோட்டார் சோதிக்கப்படவில்லை, ஆகவே போடக் கூடாது. ஆனால் பேட்டரி தினமும் சார்ஜ் செய்யப்பட வேண்டும்.

"அப்போ காலையில மேல எப்படிங்க ஐயா போறது?" என்று கேட்டார் வால்வுக்காரர்.

"நீங்கள் எப்படியும் போகலாம். கவலை அதைப் பற்றித்தான்," என்று தலைவர் சைக்கிளைக் காட்டினார். "வாரியச் சொத்து. தகுந்த பாதுகாப்போடு மேலே போய்ச் சேர வேண்டும்."

சைக்கிளை மேலே கொண்டுபோக ஒரு லாரி வாங்கினார்கள். சைக்கிள் சின்னப் பொருள், அதனால் அதற்குக் குழு தேவைப்பட்டது. லாரி பெரிய பொருள், அதனால் தலைவர் தொலைபேசியிலேயே சொல்லி வாங்கிவிட்டார். அதில் முதலில் உட்கார்ந்தவரும் அவர்தான், ஓட்டுநருக்குப் பக்கத்தில். லாரியில் ஆட்களை ஏற்றக் கூடாது. ஆனால் வளைவுகளில் சைக்கிள் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி அடித்துச் சொன்னார். சைக்கிள் யார் பொறுப்பிலிருக்கிறதோ அவரே பிடித்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள்.

ஆக, மழை பிடித்துக்கொண்ட அந்தக் காலையில் வால்வுக்காரர் லாரியின் பின்னால் நின்று, தார்ப்பாய்க்குள் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி, காலில் ஒரு பொட்டுச் சேறு படாமல் மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரில் எல்லாக் குழாய்களும் நேரத்துக்கு இருமின. சாயங்காலம் வால்வை அடைத்தார். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகவே பிடித்தது. கூட்ட அரங்கில் ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடுவே ஓட்டிப் போய், நீலத் திரையைத் தொட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உத்தரவுப்படிதானே நடக்கிறது.

வீட்டு வாசலில் மகள் சுவரை விட்டுவிட்டாள். ஆடி ஆடி ஈரச் சக்கரம் வரை வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்து, "வா," என்று அதிகாரமாகச் சொன்னாள்.

"இது நிலைக்குமாங்க?" என்று மனைவி துண்டை நீட்டினாள்.

"அதான் யோசனையா இருக்கு. மழையில பின்பக்க ரோட்டுல லாரி வழுக்குதாம். அதை மேல கொண்டுபோக என்ன வாங்கலாம்னு குழு போட்டிருக்காங்க. முடிவாகிற வரைக்கும் இப்போ நடக்கிறது இப்படியே நடக்கலாம்னு உத்தரவு."

"ஐயையோ! குழுவுல யாரு?"

"அதே ஆளுங்கதான். கூட இந்தத் தடவை என்னையும் உறுப்பினரா போட்டிருக்காங்க. உட்கார நாற்காலி உண்டு."

மனைவி மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். பிறகு கதவை லேசாகச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ணிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றார் வால்வுக்காரர், தலையைத் துவட்டிக்கொண்டே. "முதல் கூட்டத்துல லாரின்னா என்னன்னு கேக்கலாம்னு இருக்கேன்."